பறப்பவர்: ஒருவர்

மேஜிக் மாரப்பனின் மனைவி பூவாத்தாள் பதினோரு நாளாக வீட்டுக்குள் பறந்துகொண்டிருந்தாள். மாரப்பன் பதினோரு நாளாக அவளைத் தாங்கும் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மற்றபடி வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அடுப்பைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்தாயிற்று. தாளிக்கும் சத்தம் மேலிருந்து வந்தது. மாரப்பன் ஸ்டூலில் ஏறி நின்று சாப்பிட்டார். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

மாரப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பேசும் வேப்பமரத்துக்குள்ளிருந்து டிரான்சிஸ்டரை உருவி எடுத்தவர். மனசைப் படிக்கிறேன் என்று வந்த சாமியாரின் மனசைப் படித்துச் சொல்லி, அழ அழ பஸ் ஏற்றிவிட்டவர். கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்று ஊர் ஊராக மேடை போட்டுச் சொன்னவர். விளக்க முடியாத ஒன்றை யாராவது காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று கோபி பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்துச் சபதம் செய்து இருபது வருஷம் ஆகிறது. மீசை அதற்கப்புறம் ரொம்ப நன்றாக வளர்ந்திருந்தது.

"ஒரே ஒரு வாட்டி, நான் பறக்கறேன்னு சொல்லுங்க. எறங்கி வந்தர்றேன்," என்றாள் பூவாத்தாள்.

"பறக்கறதுன்னு ஒண்ணு இல்ல பூவா. உனக்குத் தரை கெடைக்கல, அவ்வளவுதான்."

அவர் விளக்கம் சொல்லும்போதெல்லாம் அவள் ஒரு சாண் மேலே போனாள். கூரையும் அவளுக்கு வழிவிட்டு ஒரு சாண் உயர்ந்தது. வாடகை வீடு என்பதால் மாரப்பன் அதில் தலையிடவில்லை.

அன்று காலை பத்து மணிக்குக் கணக்கெடுக்கும் அம்மா வந்தார். பெயர் ஜெசிந்தா. கையில் நீலப் படிவம். அவர் பின்னாலேயே ஈஸ்வரமூர்த்தியும் வந்தார். மாரப்பன் தலைவராக இருக்கும் பகுத்தறிவு மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். தொழில் சலூன். மன்ற வேலையாகப் போனாலும் கத்திப்பெட்டி கையில் இருக்கும்.

"இந்த வீட்டுல யாரோ பறக்கறதா பேச்சு வந்துச்சுங்க தலைவரே," என்று சொல்லிவிட்டு, அண்ணாந்து பார்க்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு கொள்கைப் பிடிப்பு.

ஜெசிந்தா பேனாவைத் திறந்தார். "வீட்டுல நிக்கறவங்க எத்தன பேரு?"

"ஒருத்தர். நாந்தான்," என்றார் மாரப்பன்.

"பறக்கறவங்க?"

"இல்லீங்க."

ஜெசிந்தா மேலே பார்த்தார். "அப்ப அது?"

"என் சம்சாரம்."

"நிக்கறாங்களா?"

"இல்ல."

"பறக்கறாங்களா?"

"அது மனப்பிரமைங்க. நீங்க எதிர்பாத்து வந்தீங்க, அதனால தெரியுது."

"நான் எதையும் எதிர்பாக்கலைங்க. எனக்கு இன்னும் நாப்பது வீடு கெடக்கு."

படிவத்தில் இரண்டே கட்டம்தான். இரண்டிலும் சேராதவர் பெயரை நீக்க வேண்டும். பெயர் போனால் ஆளும் போய்விடுவார் என்று ஜெசிந்தா விளக்கினார். போன வாரம் அடுத்த தெருவில் ஒரு மாமனார் அப்படிப் போனாராம். பாவம், எப்போதும் படுத்தே இருந்தவர்.

"எங்க போவாங்க?" என்று கேட்டார் மாரப்பன்.

"அது வேற டிபார்ட்மெண்ட். பத்தரைக்குள்ள எழுதிக் குடுத்துருங்க."

மாரப்பன் மேடை வளையத்தை எடுத்துவந்து ஸ்டூலில் ஏறினார். பூவாத்தாளின் தலையிலிருந்து கால் வரை வளையத்தை விட்டுப் பார்த்தார். மேடையில் கம்பி உண்டு. அதில் முட்டாமல் வளையத்தைச் சுற்றும் வித்தை அவருக்குத் தெரியும். இங்கே முட்ட வேண்டும் என்று சுற்றியும் முட்டவில்லை. எரிச்சலாக வந்தது.

"ஏனுங்க," என்றாள் பூவாத்தாள். "இருபத்திரண்டு வருசமா மேடையில என்னை மெதக்க விட்டீங்க. ஒரு நாளாச்சும் பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. வித்தைக்காரன் பார்க்கும் பக்கம்தான் ஜனம் பார்க்கும். அதனால் அவர் எந்நேரமும் எதிர்ப்பக்கம் பார்த்துக் கை வீசிக்கொண்டிருந்தார். கைதட்டல் வந்ததும் குனிந்து கும்பிட்டார்.

இப்போது பார்த்தார். கழுத்து வலித்தது. சேலைக் கொசுவத்தைக் கணுக்காலருகே ஊக்கு போட்டுப் பத்திரமாகக் குத்தியிருந்தாள். குதிகாலில் வெடிப்பு. முகத்தில் பயம் இருந்தது. பதினோரு நாளும் இருந்திருக்க வேண்டும். இவள் போய்விட்டால் இந்த வீடு எவ்வளவு உயரமாக இருந்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தார்.

"என் பொண்டாட்டி பறக்கறா," என்றார். இறங்கிப் பேனாவை வாங்கி, பறப்பவர் கட்டத்தில் ஒன்று என்று எழுதினார்.

பூவாத்தாள் சொன்ன சொல் தவறாதவள். மெல்ல இறங்கி வந்து தரையில் நின்றாள். கூரையும் பழைய இடத்துக்கு வந்தது.

ஜெசிந்தா படிவத்தைப் பார்த்தார். பூவாத்தாளின் காலைப் பார்த்தார். "இங்க யாரும் பறக்கலையே. தப்பா எழுதிருக்கீங்க."

"இப்பத்தான நீங்களே பாத்தீங்க?"

"சீல் வைக்கறப்ப இருக்கறதுதாங்க கணக்கு." அடித்துவிட்டு, நிற்பவர் இரண்டு என்று திருத்திச் சீல் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாரப்பன் ஈஸ்வரமூர்த்தியிடம் திரும்பினார். "பறந்தா மூர்த்தி. என் கண்ணால பாத்தேன்."

சொன்னதும் அவருக்கே காது கூசியது. இருநூறு பேர் அவரிடம் இதையே, இதே குரலில் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரையும் பார்த்து அவர் சிரித்திருக்கிறார்.

ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா தலைவரே?"

அதிசயம் பார்த்தேன் என்று வருபவரிடம் எப்படிப் பேசுவது என்று மாரப்பன் மன்றத்தில் நடத்திய வகுப்பில் இது மூன்றாம் பாடம். மூர்த்தி நன்றாகத்தான் கற்றிருந்தார்.

"மீசைய எடு," என்றார் மாரப்பன்.

"எதுக்குங்க? ஒண்ணுமே நடக்கலையே. நான் இங்கதான இருந்தேன்."

"நீ மேல பாக்கல. எடு."

துண்டைப் போர்த்திக்கொண்டு அவரே போய் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிம்மதியாகவும் இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி நுரை தடவிக்கொண்டே இதமாகக் கேட்டார், "எவ்வளவு ஒசரமுங்க பறந்தாங்க?" அது நான்காம் பாடம்.

மாரப்பன் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

பூவாத்தாள் வந்து அந்தக் கையைப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாள்.

"இவ்வளவு," என்றாள்.