பைக்காராவில் விழுந்த சிக்னல்

கூட்ட அறையில் காலையிலிருந்தே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் யாரும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. டிசம்பரில் ஊட்டியில் நடக்கவிருந்த கணினி வலையமைப்பு மாநாட்டுக்கு வந்த கட்டுரைகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று அன்றைக்குள் முடிவாக வேண்டும். ராஜப்ரியா மாநாட்டை நடத்தும் கல்லூரியில் பேராசிரியை, தேர்வுக் குழுவுக்கும் அவள்தான் தலைவி. மதியச் சாப்பாட்டுக்குள் பெரும்பாலான கட்டுரைகளை முடித்துவிட்டார்கள். நாற்பத்தேழாம் எண்ணில் வந்து எல்லாம் நின்றுபோனது.

"இது பொய்க் கணக்குங்க," என்றார் ஆறுமுகசாமி.

கோயம்புத்தூரில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். குழுவில் மூத்தவர். அந்தக் கட்டுரையைப் படித்த மூவரில் மற்ற இருவரும் அதைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். இவர் மட்டும் பூஜ்யம் போட்டிருந்தார்.

கட்டுரை பைக்காரா ஏரியைப் பற்றியது. இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீருக்கு மேலாகக் கம்பியில்லா இணைப்பு ஒன்றைக் கொடுத்து, மூன்று மாதம் அதன் சிக்னலை அளந்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் சிக்னல் விழுகிறது, விடிவதற்குள் தானாகவே சரியாகிறது. ஏனென்று தெரியவில்லை, மூடுபனியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"மூடுபனிக்கெல்லாம் இந்த அலைவரிசை அசையாது. அப்படியே அசைஞ்சாலும், தெனமும் சொல்லி வெச்ச மாதிரி சாயங்காலமா பனி எறங்கும்? ஒரு நாள் வரைபடத்த எடுத்து மூணு மாசத்துக்கும் ஒட்டியிருக்காங்க. தள்ளுனா மட்டும் பத்தாதுங்க. அவுங்க காலேஜுக்குக் கடிதம் போடோணும்."

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இதே மாநாட்டில் போலி எண்களோடு ஒரு கட்டுரை நுழைந்துவிட்டது. கட்டுரைகளை வெளியிடும் சங்கம் அந்த வருடத் தொகுப்பையே நிறுத்தி வைத்தது. இன்னொரு முறை நடந்தால் இந்த மாநாட்டுக்கு எங்கள் பெயர் கிடையாது என்றும் எழுதிவிட்டது. அப்போது குழுத் தலைவராகப் பதில் சொல்லித் தலைகுனிந்து நின்றவர் ஆறுமுகசாமி.

கடிதம் போனால் என்ன ஆகும் என்பதும் ராஜப்ரியாவுக்குத் தெரியும். எழுதியவர்கள் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தால் பட்டம் நின்றுபோகும். அவர்கள் யார் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. பெயர்களை மறைத்துவிட்டுத்தான் கட்டுரைகளைப் படிக்கக் கொடுப்பது வழக்கம். பெயர்களைத் திறந்து பார்க்கும் வசதி அவளிடம் மட்டும் இருந்தது. கடைசி முடிவுவரை திறக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

திரையில் இருந்த ஏரியின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டீக்கடைக் கூரையிலிருந்து புறப்பட்ட கோடு முழுக்க முழுக்கத் தண்ணீரின் மேலேயே போய் அக்கரையைத் தொட்டது. சட்டென்று அவளுக்கு உறைத்தது.

"ஐயா, சாயங்காலம் ஊரெல்லாம் லைட்டப் போடுது. பவர்ஹவுஸுக்குத் தண்ணி எடுப்பாங்க. ஏரி எறங்கும், ராத்திரி நிறுத்துனதும் மறுபடி ஏறும். நேரா போற சிக்னலோட, தண்ணில பட்டுத் திரும்பற சிக்னலும் சேந்துதான் அக்கரைக்குப் போகும். தண்ணி எறங்குனா அது போற தூரம் மாறும். ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். அதனால விழலாமில்லைங்களா?"



"அப்படியிருந்தா அவுங்க அதை எழுதியிருக்கோணும்," என்றார் ஆறுமுகசாமி. "எழுதாததுக்கு நீங்க எதுக்குங்க வக்காலத்து வாங்கறீங்க?"

"வக்காலத்து இல்லைங்க. போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

"ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள வந்துருங்க. நான் கடிதத்த எழுதி வெச்சிருக்கறேன்."

தரணிதரன் காரை எடுத்தான். அவளுடைய துறையில் இளைய ஆசிரியன், குழுவுக்குச் செயலாளர். தலைக்குந்தா வழியாகப் பைக்காராவுக்குப் புறப்பட்டார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வளைவுக்கு வளைவு நின்று நின்று நகர்ந்தன.

"மேடம், நாம அங்க போறதே தப்பாயிரலாம். எழுதுனவங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் நீங்க ஓட்டுப் போட முடியாது."

"தெரிஞ்சுக்காம வரப் பாப்போம்," என்றாள். அவளுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை.

படகுத்துறைக்குச் சற்று மேலே, சரிவில் இருந்தது அந்தக் கடை. தகரக் கூரை மூலையில் ஒரு கம்பம், அதில் வெள்ளைப் பெட்டி ஒன்று அக்கரையைப் பார்த்து நின்றது. பெட்டியின் அடியில் வரிசையாக நான்கு பச்சை விளக்குகள். சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை அந்த விளக்குகள் காட்டும். நான்கும் எரிந்துகொண்டிருந்தன.

கடைக்காரம்மாள் மரகதம் டீயை ஆற்றியபடியே, "காலேஜ்காரங்களா?" என்று கேட்டாள். "அந்தப் பொட்டி வெச்ச பசங்களும் இப்படித்தான் அண்ணாந்து பாத்துட்டே நிப்பாங்க. ஒருத்தன் பேரு..."

"பேரு வேண்டாங்க்கா," என்றாள் ராஜப்ரியா. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. மரகதம் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இருவரும் குளிரில் காத்து நின்றார்கள். படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பின. கரையோரச் சேற்றில் தரணிதரன் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தான். வெயில் மரங்களுக்குப் பின்னால் போனது. குச்சியின் அடியில் அலம்பிக்கொண்டிருந்த தண்ணீர் மெல்ல விலகியது. கறுத்த ஈரச்சேறு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. பிறகு இரண்டு விரல். பனி எங்கும் இல்லை. எதிர்க்கரை துடைத்து வைத்ததுபோல் தெளிவாக இருந்தது.

"மேடம்," என்றான் தரணிதரன்.

நான்காவது விளக்கு அணைந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதும் மினுக்கி மினுக்கிப் போனது.

 ராஜப்ரியாவுக்கு மதியத்திலிருந்து நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியது போலிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள், காரணம்தான் தெரியவில்லை. தரணிதரன் விளக்குகளையும் குச்சியையும் மாற்றி மாற்றிப் படம் எடுத்தான்.

டீக்குக் காசு கொடுக்கும்போது மரகதம், "இந்தத் தடவ கம்பத்தக் கெட்டியா நட்டுருக்காங்க, பாத்தீங்களா?" என்றாள். "ஆடிக் காத்துல கூரையோட பறந்துபோச்சுங்க. தகரம் போடற வரைக்கும் பாதி மாசம் தார்ப்பாயிதான். கரண்டும் இல்ல. பசங்க அதுக்கப்புறம்தான் வந்து திரும்ப மாட்டுனாங்க."

ராஜப்ரியாவின் கை அப்படியே நின்றது. கட்டுரையின் சிக்னல் வரைபடத்தில் ஆடி மாதம் முழுவதும் கோடு இருந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் தரணிதரன் அவளைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக வந்தான். கடைசியில் கேட்டான். "இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். சொல்லித்தான் ஆகணுமா மேடம்? விஷயம் உண்மைதானே. நாமதான் பாத்தோமே."

 சொல்லாமல் விட்டால் அந்தப் பையன்கள் பிழைப்பார்கள். இந்த வருடத்தின் சிறந்த கட்டுரை என்றுகூட அறிவிக்கலாம். இன்னொருவர் வந்து மரகதத்தின் கடையில் டீ குடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஊட்டி விளக்குகள் தெரியும்வரை அவள் இதையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் முதலில் படங்களைக் காட்டினாள். ஆறுமுகசாமி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "தண்ணிதான்," என்றார் மெதுவாக. அவர் தவறை ஒப்புக்கொண்ட அந்தக் கணத்தில் வாயை மூடிக்கொண்டுவிடலாம் என்று அவளுக்கு ஒரு ஆசை வந்தது.

"இன்னொண்ணும் இருக்குதுங்க," என்றாள். கூரை பறந்த கதையைச் சொன்னாள்.

 பெயர் தெரியாமலேயே எழுதியவர்களைக் கேட்க மாநாட்டுத் தளத்தில் ஒரு வழி இருந்தது. ஆடியில் கம்பம் விழுந்திருந்த நாட்களுக்கு எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரே வரியில் கேட்டாள். சப்பாத்தி ஆறிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. இடைவெளி இருந்தால் கட்டுரையை மதிக்கமாட்டார்கள் என்று பயந்து, முந்தைய வாரங்களின் எண்களை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிட்டோம், மற்றதெல்லாம் அளந்ததுதான், தவறு எங்களுடையது என்று இருந்தது.

"ஒட்டியிருக்காங்கன்னு சொன்னேன். ஒட்டித்தான் இருக்காங்க," என்றார் ஆறுமுகசாமி. ஆனால் ஜெயித்த குரல் இல்லை அது.

கட்டுரையைத் தள்ளுவதில் எல்லோரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். ராஜப்ரியாவின் கையும் மேலே போனது. கல்லூரிக்குக் கடிதம் போடுவதா என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்தது. கேட்டதும் ஒளிக்காமல் சொன்னவர்கள் என்றாள் அவள். கேட்கும்வரை சொல்லாதவர்கள் என்றார் ஆறுமுகசாமி. ஒரே ஒரு ஓட்டில் கடிதம் வேண்டாம் என்று முடிவானது. அவர் கடைசிவரை வேண்டும் என்ற பக்கமே நின்றார். எழுதி வைத்திருந்த தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் மறுப்புக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"காரணத்தக் கண்டுபிடிச்சது நீங்க. அவுங்களுக்குச் சொல்லோணும்னு ஒண்ணும் இல்ல. அடுத்த வருசம் உங்க பேருலயே போடலாமே?"

"கம்பம் விழுந்தும் திரும்பக் கூரை ஏறுனது அவுங்கதாங்கய்யா," என்றாள்.

 அவள் எழுதினாள். கட்டுரையை ஏற்க இயலவில்லை. இட்டு நிரப்பிய எண்களை நீக்குங்கள், இடைவெளியை இடைவெளியாகவே காட்டுங்கள். உங்கள் சிக்னல் விழுவதற்குக் காரணம் பனி அல்ல, ஏரியின் நீர்மட்டம். மின்நிலையத்தில் நீர்மட்டப் பதிவைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த வருடம் அனுப்புங்கள்.

ஆறுமுகசாமி அதை இரண்டு முறை படித்தார். 'கேட்டு வாங்கி' என்பதற்கு முன்னால் 'எழுத்துமூலம்' என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்து, அனுப்பினாள்.  கடையில் மரகதம் சொல்ல வந்த அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னும் எத்தனைங்க பாக்கி?" என்று மேசையின் மறுகோடியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

தரணிதரன் அடுத்த கட்டுரையைத் திரையில் ஏற்றினான்.