கரி எரிந்த கணக்கு

1959 மார்ச்சில், வைவா என்ற வாய்மொழித் தேர்வு நடந்த ரசாயனக் கூடத்தில் இருந்தவர்கள்: எங்கள் கல்லூரிப் பேராசிரியர் செபஸ்தியான், ஸ்ரீரங்கத்திலிருந்து வெளித் தேர்வாளராக வந்த சௌரிராஜன், அட்டெண்டர் வீரமலை, கடைசி ஆளாகத் தேர்வுக்கு வந்த, லால்குடி சின்னையா என்கிற நான்.

எனக்கு இது மூன்றாவது முறை. தேறினால் பட்டம். இல்லையென்றால் ஆலையில் இரவு ஷிப்டே கதி. அன்று காலை அங்கிருந்துதான் தூங்காமல் வந்திருந்தேன்.

கேள்வி எளியது. ஒரு மோல் கரி முழுதாக எரிந்து கார்பன் டையாக்சைடு ஆனால் 94 கிலோகலோரி வெப்பம் வெளிவரும். ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு எரிந்து அதே வாயு ஆனால் 68. கரி மோனாக்சைடு ஆகும்போது மட்டும் எவ்வளவு? அதை நேராக அளக்க முடியாது; எரிகிற கரி சொன்ன இடத்தில் நிற்காது, மேலும் எரிந்து டையாக்சைடும் ஆகிவிடும். எந்த வழியில் எரிந்தாலும் மொத்த வெப்பம் ஒன்றுதான் என்பதால் கழித்தால் போதும். பலகையில் 94 − 68 = 26 என்று எழுதினேன்.

"மைனஸ் எங்கே?" என்றார் சௌரிராஜன்.

வெளிவரும் வெப்பத்துக்கு எங்கள் புத்தகம் பிளஸ் போடும். அவருடைய புதுப் புத்தகம், பொருள் அதை இழந்துவிட்டது என்று மைனஸ் போடும். அவர் இதைச் சொன்னதும் செபஸ்தியானுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகப் பிளஸ்தான் போடுகிறாராம். இன்னும் பதினெட்டு வருஷம் போட்டாலும் தப்பு தப்புதான் என்றார் மற்றவர். அரை மணி நேரம் போனது. வெப்பம் வெளியேதான் வருகிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. என்னை மறந்துவிட்டார்கள்.

கடைசியில் சௌரிராஜன் கடிகாரத்தைப் பார்த்தார். "விடையில ஒரு மைனஸ் போடுப்பா. பாஸ் போட்டுடறேன்."

போட்டேன். விடைக்கு மட்டும் போட்டேன். 94 − 68 = −26.

செபஸ்தியான் அதை நிதானமாகப் படித்தார். "தொண்ணூத்தி நாலுல அறுபத்தெட்டு போனா மைனஸ் இருபத்தாறா? சார், இது என் புத்தகத்துலயும் தப்பு, உங்க புத்தகத்துலயும் தப்பு."

"தப்புதான்," என்றார் சௌரிராஜன். அரை மணி நேரச் சண்டை அத்தோடு தீர்ந்தது.

"நீங்க சொன்ன இடத்துலதானே சார் போட்டேன்?"

"முன்னாடி இருக்கற ரெண்டுக்கும் யார் போடுவா? அதையும் நானே வந்து போடணுமா?" என்றார் சௌரிராஜன்.

தாளில் ஃபெயில் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் கிளம்புவதற்கு முன்பே, பேசிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள்.

வீரமலை ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தார். "அடுத்த வருஷம் எந்தப் புத்தகம்னு முதல்லயே கேட்டுக்குங்க தம்பி."

அடுத்த வருஷம் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீரமலை கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்தும் பார்த்தார்.