மச்சான் என்று கூப்பிட்ட காப்பிச்செடி

துறைமுகத்துக் கண்ணாடிக் கூண்டில் அடைபட்டிருந்த காப்பிச்செடி, தையல்காரியைப் பார்த்ததும், செத்துப்போன அவள் புருஷனின் குரலில், "சாப்பிட்டியா?" என்று கேட்டது. வேலைக்குப் போன நாட்டில் அவரைக் காப்பித் தோட்டத்திலேயே புதைத்துவிட்டு, அந்த இடத்தில் முளைத்த கன்றை மண்ணோடு பெயர்த்துக் கூட்டாளிகள் அனுப்பியிருந்தார்கள். மண்ணோடு செடி வரக்கூடாது என்பது சட்டம். செடிப் பரிசோதகர் வேரைக் கழுவிக் கூண்டில் வைத்தார். அவர் தையல்காரியின் கூடப்பிறந்த தம்பி. எந்நேரமும் லென்ஸும் கையுமாகத் திரிவதால் ஊரில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கழுவிய பிறகு செடியின் குரல் கொஞ்சம் கம்மியது, அவ்வளவுதான். அவரையும் வாய் நிறைய "மச்சான்" என்று கூப்பிட்டது. அக்கா தினமும் மத்தியானம் பொத்தான் தைக்கும் வேலையோடு வந்து கண்ணாடிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காருவாள். புருஷன் பெண்டாட்டி பேச்சைக் கேட்கக்கூடாது என்று காவலாளி தள்ளிப்போய் நின்றுகொள்வார்.

மழைக்காலத்தில் இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தது. இலைத்துரு என்கிற பூஞ்சை அது. காற்றில் ஏறினால் ஊருக்கு மேலே மலை முழுக்க இருக்கும் காப்பித் தோட்டத்தைத் தின்றுவிடும். எரித்துத்தான் ஆகவேண்டும்.

"கூண்டுலயே இருக்கட்டும்டா. வீட்டுக்குக் குடுன்னு கேக்கவே மாட்டேன்."

"ஒரு சிட்டிகை வெளிய போனாலும் மலையே போயிடும்க்கா."

"மலையா உன்னைத் தூக்கி வளத்துச்சு?"

அவர் எரித்தார். செடி கடைசிவரை மச்சான் என்றுதான் சொன்னது. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் தோட்ட முதலாளி அதே நாட்டின் அதே தோட்டத்திலிருந்து லாரி லாரியாகக் கன்றுகளை இறக்கினார். கூண்டும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து போன் வந்தது. அந்தச் சட்டம் யாருக்காக எழுதியது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அக்காவிடம் நீட்டிய சட்டத்தை முதலாளியிடம் நீட்டத் தம்பிக்கு நாக்கு எழவில்லை.

மறு மழைக்கு மலை முழுக்க ஆரஞ்சுப் பொடி. இலை கொட்டி நின்ற ஒவ்வொரு செடியும் "சாப்பிட்டியா?" என்று கேட்டது. அந்தச் சத்தத்தில் ஊர் தூக்கமில்லாமல் தவித்தது. அக்கா மூட்டைமுடிச்சோடு மலைக்கே குடிபோய்விட்டாள். தம்பி ஏறிப் போனால் மட்டும் மலை வாயை மூடிக்கொண்டது. ஒரு செடிகூட மச்சான் என்று கூப்பிடவில்லை. இதைக் கவனித்த ஊர்க்காரர்கள், தாங்கள் தூங்கும் நேரத்தில் அவர் மலையில் நடந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்தார்கள். இன்றைக்கும் நடக்கிறார். ஊர் நன்றாகத் தூங்குகிறது. அக்கா மட்டும், அவர் எப்போது இறங்குவார், மலை எப்போது வாய் திறக்கும் என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.