பன்னிரண்டில் நிறுத்து

"கழட்டச் சொன்னதும் நீதான், இப்ப மாட்டச் சொல்றதும் நீதான். உனக்கு என்ன பைத்தியமா, ரன்வெய்க்?" என்றான் ஒட்கெயிர். கொட்டகை வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

"பைத்தியம்னே வச்சுக்கோ. ஜாக்கியை எடு."

அவன் ஜாக்கியை எடுக்கவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்த நான்கு பெரிய சக்கரங்களையே பார்த்தான். ஒவ்வொன்றும் அவன் இடுப்பு உயரம். இலையுதிர் காலத்தில் அவனும் ரன்வெய்க்கின் கணவன் ப்ராண்டூரும் சேர்ந்துதான் அவற்றை முதன்முதலில் ஜீப்பில் மாட்டினார்கள். மட்கார்டு இடிக்கிறது என்று ப்ராண்டூர் ரம்பத்தை எடுத்து அறுத்துத் தள்ளியபோது, அடுப்படியிலிருந்து ரன்வெய்க் ஓடிவந்து, "ஐயோ, எலி கடிச்ச ரொட்டி மாதிரி ஆக்கிட்டியே!" என்று கத்தினாள். ப்ராண்டூர் சிரித்தான். அகலச் சக்கரம் போட்டு, அதில் பாதிக்கு மேல் காற்றை இறக்கிவிட்டால் புதைபனிமேல் படகு போல வண்டி போகும். அதற்காக அந்த ஊர் ஆண்கள் வீட்டுக் கூரையைக்கூட அறுப்பார்கள். பெட்ரோல் பங்கில் யாருடைய சக்கரம் பெரிதோ அவனுக்குத்தான் குரலும் பெரிது.

அந்தச் சக்கரங்களோடு முதல் பெரிய பயணம் போனவன்தான் ப்ராண்டூர். மலைமேட்டில் கிராகில் குடிசை இருக்கிறது. ஈஸ்டருக்கு ஜீப்புக்காரர்கள் எல்லாரும் அங்கே போவதற்குள் அதன் அடுப்பைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். எப்போதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்பவள் ரன்வெய்க். அன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். அவன் தனியாகப் போனான்; வழியை அவள் படுக்கையிலிருந்தே, ஊரில் எல்லா வீட்டிலும் ஜீப்பிலும் இருக்கும் இருவழி ரேடியோவில் சொன்னாள். மதியத்துக்கு மேல் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. குடிசையைத் தாண்டி வெகுதூரத்தில் ஜீப் கிடைத்தது. கதவு சாத்தியிருந்தது, சாவி இருந்தது, டீசல் இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

மீட்புப் படை என்றால் வேறு யார், இதே ஊர்க்காரர்கள்தான். ஜீப்புக்கும் குடிசைக்கும் நடுவே கம்பி குத்திக் குத்திப் பார்த்தார்கள். குடிசையைத் தவறவிட்டதை உணர்ந்து, வந்த வழியே திரும்பி நடந்திருப்பான் என்பது அவர்கள் கணக்கு. பனியில் ஒரு கையுறைகூட அகப்படவில்லை. பிறகு ஊர் வேறு கதை கட்டியது. அந்தக் குடிசையில் பட்டினி கிடந்து செத்த ஒருத்தி இருக்கிறாளாம். கீழ்க்கட்டிலில் படுப்பவர்களின் கம்பளியை இழுப்பவள் அவள்தானாம். அவள்தான் ப்ராண்டூரின் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனாளாம். ஊருக்கென்ன, அவிழ்த்துவிட வேண்டியதுதானே!

ஜீப்பை இழுத்துவந்து கொட்டகையில் விட்ட அன்றே ரன்வெய்க் அந்தச் சக்கரங்களைக் கழற்றச் சொல்லிவிட்டாள். அவற்றைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பழைய ஒல்லிச் சக்கரங்களை மாட்டிவிட்டு, பெரியவற்றைக் காற்றோடு சுவரில் சாய்த்துவிட்டுப் போனான் ஒட்கெயிர்.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மலைப்பக்கம் வானிலை கெட்டால் போதும், கொட்டகையிலிருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். போய்ப் பார்த்தால் நான்கு சக்கரமும் தொளதொளத்திருக்கும். அவள் பம்பு போட்டு ஏற்றுவாள். அடுத்த புயலுக்கு மறுபடியும் அதே உஸ். "சும்மா இருங்கடா!" என்று ஒருநாள் சக்கரங்களை உதைத்தே விட்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"ரிம்மோரம் கசியுது. குளிருல ரப்பர் சுருங்குது. பேயும் இல்ல, பிசாசும் இல்ல," என்று ஒட்கெயிர் முன்பே சொல்லியிருந்தான்.

"கசிஞ்சா முழுசா கசிய வேண்டியதுதானே? ஏன் பாதியில நிக்குது? பனியில ஓட்ட எவ்வளவு வேணுமோ அவ்வளவுல வந்து நிக்குது. நாலும் ஒரே அளவு. நீயே அளந்து பாரு."

அவன் அளந்து பார்த்தான். அன்றிலிருந்துதான் கொட்டகைக்குள் வருவதை நிறுத்தினான்.

இப்போது பாதிரியார் வேறு வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்: உடல் இல்லாமலே இறுதிப் பிரார்த்தனை வைத்துவிடலாமா, எந்த ஞாயிறு சௌகரியம்? வெறும் குழிக்கு முன்னால் நின்று பாட்டுப் பாட ரன்வெய்க்குக்கு மனமில்லை. அவளுக்கு அவன் வேண்டும். உயிரோடு இல்லை என்று தெரியும், எலும்பாகவாவது வேண்டும். வசந்தத்தின் நொதநொதத்த பனியில் போக இந்தச் சக்கரங்களை விட்டால் வேறு வழியில்லை.

"ஒரே ஒரு தடவை, ஒட்கெயிர். நீ வரலைன்னா நானே மாட்டி நானே ஓட்டிட்டுப் போவேன்."

"நட்டைத் தலைகீழா முடுக்குவே நீ," என்று முணுமுணுத்தபடி அவன் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

வந்த பிறகு வேலையில் குறை வைக்கவில்லை. கசிகிறது என்று தான் சொன்ன வாய்க்காகவே நான்கு டயரையும் ரிம்மிலிருந்து பெயர்த்து, விளிம்பைச் சுரண்டி, பசை தடவினான். டயர் ரிம்மில் உட்கார மறுத்தபோது உள்ளே கொஞ்சம் ஈதரைப் பீய்ச்சி, நீளக் குச்சியில் தீ வைத்து எறிந்தான். 'டமார்' என்று கொட்டகை அதிர, டயர் துள்ளி ரிம்மில் கவ்விக்கொண்டது. ரன்வெய்க் இத்தனை வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"மீட்டர் பல்சக்கரத்தை மாத்தவே இல்ல நாங்க. அடுத்த வாரம் மாத்தலாம்னான், அதுக்குள்ள..." ஒட்கெயிர் நட்டை முடுக்கியபடி நிறுத்திக்கொண்டான். "மீட்டர் ஓடின தூரத்தைக் குறைச்சுத்தான் காட்டும், ஞாபகம் வச்சுக்கோ."

"எனக்கா சொல்றே? அந்தக் கணக்கைப் போட்டதே நான்தான்."

உண்மைதான். சக்கரம் பெருத்தால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது. அது பழைய சக்கரத்தையே நினைத்துக்கொண்டு சுற்றுகளை எண்ணும். பனிப்புகையில் கண் தெரியாதபோது திசைகாட்டியையும் மீட்டரையும் நம்பித்தான் அங்கே எல்லாரும் ஓட்டுவார்கள். அதனால் பெரிய சக்கரம் மாட்டிய அன்றே ரன்வெய்க் ப்ராண்டூரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நீ கழிச்சு, நான் கழிச்சு, ரெண்டு பேரும் குழப்பிக்க வேண்டாம். பழைய எண்ணுலேர்ந்து கழிக்கிறது என் வேலை. நான் சொல்ற எண்ணுல நீ நிறுத்து, போதும்." ஊரில் யாருக்குக் கணக்கு வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். சாலை முடியும் மஞ்சள் கம்பத்தருகே நிறுத்தி, டயர்கள் வயிறு தள்ளும்வரை ஒட்கெயிர் காற்றை இறக்கினான். ரன்வெய்க் மீட்டரைச் சைபருக்குத் திருப்பினாள். அங்கிருந்து நேர் தெற்கே குடிசை.

கொஞ்ச தூரம் வெயில் அடித்தது. பிறகு தரையோடு பனிப்புழுதி கிளம்பி, வானமும் தரையும் ஒரே பால்வெள்ளையாகிவிட்டன. வண்டி போகிறதா நிற்கிறதா என்பதே தெரியவில்லை. ரன்வெய்க் பழக்கதோஷத்தில் மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆறு."

ஒட்கெயிர் திசைகாட்டியைப் பார்த்து ஸ்டீரிங்கைச் சற்றுத் திருப்பினான்.

"ஏழு."

பக்கத்தில் மெல்ல ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. அந்த ஊரில் 'ஆமா' என்பதை மூச்சை உள்ளிழுத்தபடி சொல்வார்கள். ப்ராண்டூரிடம் அதில் சொல்லே இருக்காது, வெறும் மூச்சுதான்.

"நீயா சொன்னே?" என்றாள்.

"நான் வாயே திறக்கல," என்றான் ஒட்கெயிர். அவன் முகம் வெளுத்திருந்தது. "எனக்கும் கேட்டுச்சு. தயவுசெஞ்சு எண்ணாதே, ரன்வெய்க்."

அவளுக்கும் பயம்தான். ஆனாலும் எண்ணினாள். எட்டு. மூச்சு. ஒன்பது. மூச்சு. பயத்தைவிட அந்த மூச்சு நின்றுவிடுமோ என்ற ஏக்கம் பெரிதாக இருந்தது.

"பத்து," என்றாள். வலப்பக்கம் வெள்ளைக்குள்ளிருந்து கிராகில் குடிசையின் தகரக் கூரை எழுந்து வந்தது.

"அப்பாடா!" ஒட்கெயிர் பிரேக்கை அழுத்தினான். "வந்தாச்சு. சரியா பத்து. உன் கணக்குன்னா கணக்குதான்."

ரன்வெய்க் கூரையைப் பார்க்கவில்லை. மீட்டரையே பார்த்தாள். பழைய சக்கரத்தில் இந்த இடத்துக்குப் பன்னிரண்டு காட்டும். எத்தனையோ முறை வந்திருக்கிறாள். பெரிய சக்கரத்தில் பத்து. அதுதான் சரி. அன்று காய்ச்சலில் போர்வைக்குள் கிடந்தபடி ரேடியோவில் அவனிடம் என்ன சொன்னாள்? பத்து என்றா?

அவள் மீட்டரின் கண்ணாடியை விரலால் துடைத்து மறுபடி பார்த்தாள்.

"ஒட்கெயிர், அன்னிக்கு நீ ரேடியோ கேட்டுட்டு இருந்தியா?"

"ஊரே கேட்டுட்டுத்தான் இருந்துச்சு."

"நான் எத்தனைன்னு சொன்னேன்?"

ஒட்கெயிர் குனிந்து மீட்டரைப் பார்த்தான். இப்போதுதான் அவனுக்கும் உறைத்தது.

"பன்னிரண்டு," என்றான். "'பன்னிரண்டுல நிறுத்து, இறங்கு, வலது கைப்பக்கம் மேட்டுல ஏறு, குடிசை'ன்னு சொன்னே. நாங்க எல்லாரும் கேட்டோம். நீ கழிச்சுட்டுத்தான் சொல்றேன்னு... சத்தியமா, யாருக்கும் சந்தேகமே வரல. அவன் 'பன்னிரண்டா?'ன்னு ஒரு தடவை கேட்டான். நீ 'பன்னிரண்டு'ன்னே. அதுக்கு அவன்..."

"தெரியும். மூச்சு இழுத்தான்."

வைப்பர் மட்டும் அங்குமிங்கும் போய்வந்தது.

"ஓட்டு," என்றாள் ரன்வெய்க். "பன்னிரண்டு வர்ற வரைக்கும் ஓட்டு."

ஓட்டினான். இந்த முறை அவள் எண்ணவில்லை, யாரும் மூச்சிழுக்கவும் இல்லை. மீட்டர் பன்னிரண்டைத் தொட்ட இடத்தில், மீட்புப் படை நட்டுவிட்டுப்போன சிவப்புக் கழி நின்றது. ஜீப் கிடைத்த இடம் அதுதான். ஒரு வண்டி நீளம்கூட முன்னே பின்னே இல்லை.

"அவன் எதையும் தவறவிடல," என்றாள் அவள். "திரும்பியும் நடக்கல. வந்து சேர்ந்தாச்சுன்னு நினைச்சான், ஒட்கெயிர். நான் சொன்ன இடத்துக்கு வந்துட்டோம்னு நினைச்சான்."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை ஜீப்பில் முடிந்துவிட்டு இறங்கினார்கள். வலது கைப்பக்கம் நடந்தார்கள். மீட்புப் படை இந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. எதற்கு வைப்பார்கள், இங்கே ஒன்றுமே கிடையாதே! ஆனால் அங்கேயும் ஒரு மேடு இருந்தது. குடிசை நிற்கும் மேட்டைப் போலவே அதன் முதுகில் பனி குவிந்து, கூரை போலச் சரிந்திருந்தது. ரன்வெய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவளுக்கே ஒரு நொடி அது குடிசையாகத்தான் தெரிந்தது.

மேட்டின் சரிவில், வெயிலுக்கு உருகித் தாழ்ந்த பனியிலிருந்து ஒரு மண்வெட்டிப் பிடி துருத்திக்கொண்டிருந்தது.

அவர்கள் கையால் தோண்டினார்கள். பிடியைத் தொடர்ந்து கையுறை வந்தது, கையுறையைத் தொடர்ந்து ப்ராண்டூர். அவன் ஒதுங்கிப் படுத்திருக்கவில்லை, புயலுக்குச் சுருண்டும் கிடக்கவில்லை. மேட்டுக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, அதன் கடைசியில் முழங்காலிட்டு, நெற்றியைப் பனிச்சுவரில் சாய்த்திருந்தான். குனிந்து பார்த்த ஒட்கெயிருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

குளிர்காலத்தில் கிராகில் குடிசை கூரைவரை மூடிப்போவது வழக்கம். போகிறவர்கள் பனியை வெட்டித்தான் கதவைக் கண்டுபிடிப்பார்கள். இல்லாத குடிசையின் கதவைத் தேடி ப்ராண்டூர் வெட்டியிருக்கிறான். கை ஓயும்வரை வெட்டியிருக்கிறான். கண்ணுக்கு எதிரே கதவு இல்லை. ஆனால் அவள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். ஜீப்புக்குத் திரும்பிப்போய் எஞ்சினைப் போட்டு உட்கார்ந்திருந்தால்கூட விடியும்வரை தாங்கியிருப்பான்.

ரன்வெய்க் அவன் முதுகில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். "மக்கு," என்றாள். "மக்கு, மக்கு. ஒரு தடவையாவது என்னைச் சந்தேகப்படக் கூடாதா?"

ஒட்கெயிர் வெகுநேரம் கழித்து அவள் தோளைத் தொட்டான். "நான் ஒண்ணு சொல்றேன், கேளு. ஊரு ஏற்கெனவே அந்தக் குடிசைக்காரி மேல பழியப் போட்டாச்சு. அவ செத்தவ, அவளுக்கு ஒண்ணும் குறையப்போறதில்ல. மீட்டர் எத்தனை காட்டுச்சுன்னு யாரும் கேட்கப் போறதில்ல. நானும் சொல்ல மாட்டேன்."

"வண்டி ஓட்டத் தெரியாதவன், பேய் பிடிச்சு வழிதவறிப் போனவன்னு அவனைப் பேசுவாங்க. காலம் பூரா பேசுவாங்க. அதைக் கேட்டுட்டு நான் அந்த ஊர்ல இருக்கணுமா?"

"உண்மை தெரிஞ்சா உன்னைப் பேசுவாங்களே."

"பேசட்டும்."

அவள் எழுந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தாள். ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்தாள். மலைக்குக் கீழே ஒவ்வொரு சமையலறையிலும், ஒவ்வொரு பட்டறையிலும் அது கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். பட்டனை அழுத்தினாள்.

"நான் ரன்வெய்க் பேசறேன். ப்ராண்டூர் கிடைச்சுட்டான். அவன் வழி தவறல. நான் பன்னிரண்டுன்னு சொன்னேன், பத்துன்னு சொல்லியிருக்கணும். அவன் நான் சொன்ன இடத்துலதான் இருக்கான். வந்து தூக்கிட்டுப் போங்க."