மேல் பட்டன்

ஸ்டூலில் ஏறி நின்று, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் தளர்ந்து தொங்கிய வயரைச் செருகிக்கொண்டிருந்தார் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ மாடிகளுக்கு லிஃப்டை ஓடவிட்டவருக்கு அந்த ஒரு வயர் பிடிகொடுக்கவில்லை. கீழே கட்டிலில் அவர் மனைவி கண்மூடிக் கிடந்தாள். நாடகம் ஆரம்பிக்கும் நேரம்.

“நிஜ ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு டிவியில ஆஸ்பத்திரி நாடகமா?” என்றாள் அவருடைய அக்கா. மடியில் பிரார்த்தனைப் புத்தகம். “கடைசி நேரத்துலயாவது சாமி பேரச் சொல்லச் சொல்லுடா. இப்படியே போனா இவளுக்கு என்னடா கதி?”

அக்கா கெட்டவள் இல்லை. தம்பி மனைவி போகிற இடத்தில் கேட்பாரற்று நிற்கப்போகிறாள் என்று உண்மையாகவே கலங்கினாள். அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. காலையில் குனிந்து, “ஒரே ஒரு தடவை சொல்லிடேன்” என்று மனைவியிடம் கேட்டும் பார்த்துவிட்டார். அவள் கண்ணைத் திறந்து, “டிவி ஏன் ஓடல?” என்றாள். அதற்குத்தான் இந்த ஸ்டூல்.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் சட்டை தேய்த்தவள் அவள். கோயில் குளம் என்று எங்கும் போனதில்லை. கேட்டால், “நின்னு நின்னு கால் கடுக்குது, சாமி கோவிச்சுக்காது” என்பாள். ஆனால் அந்த நாடகம் வருகிற நேரத்தில் முகம் கழுவி, தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். வாசல் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். “பூஜை ஆரம்பிச்சாச்சா?” என்று அவர் கிண்டல் செய்வார்.

ஆபரேஷனோ காதலோ அவளுக்குப் பொருட்டில்லை. எல்லாம் அதில் வரும் தாடி டாக்டருக்காக. ஒரு நாள் அவருடைய நோயாளி ஒருவன் இறந்துபோனான். கூட இருந்தவர்கள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தாடி டாக்டர் மட்டும் திரும்பி வந்து, திறந்து கிடந்த அவன் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டார். மேல் பட்டன் வரைக்கும் போட்டுவிட்டுத்தான் போனார். அப்புறம் யார் இறந்தாலும் அப்படித்தான்.

“பாத்தீங்களா?” என்று எழுந்தே நின்றுவிட்டாள் மனைவி.

“என்னத்த? ஆளே போயிட்டான், இனிமே பட்டன் எதுக்கு?”

“அதத்தாங்க சொல்றேன். இனி அவன் நன்றி சொல்லப்போறதில்ல. யாரும் பாக்கவும் இல்ல. ஆனாலும் போடறார் பாருங்க. சாமி கும்பிடறதுன்னா எனக்கு அதுதான்.”

மறுநாளிலிருந்து தேய்த்து மடிக்கிற ஒவ்வொரு சட்டைக்கும் எல்லாப் பட்டனும் போட்டாள். ஒன்று விட்டு ஒன்று போட்டால் போதும் என்று மேற்பார்வையாளர் எரிந்து விழுந்தும் அவள் மாறவில்லை. சட்டைக்காரன் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் அவனுக்கும் தெரியாது. கிண்டல் செய்துகொண்டிருந்தவர் கொஞ்ச நாளில், வேலை முடிந்ததும் லிஃப்டின் உச்சியில், எவர் கண்ணும் படாத இடத்தில் சிந்திய கிரீஸைத் துடைத்துவிட்டு இறங்க ஆரம்பித்தார். இதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

நோய் முற்றியபின் நாடகத்தின் பாதியிலேயே அவள் தூங்கிப்போவாள். எழுந்ததும் மீதிக் கதையை அவர்தான் சொல்ல வேண்டும். போன வாரம் நாடகத்தில் ஒரு டீச்சர் இறந்துபோனாள். இவளுக்கு இருந்த அதே நோய். அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“பொழச்சுட்டா. வீட்டுக்கே போயிட்டா” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். “உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. காது செவக்குது. அவ போனா போகட்டும். டாக்டர் பட்டன் போட்டாரா, அதச் சொல்லுங்க.”

“போட்டார்.”

“மேல் பட்டன்?”

“அதுவும்தான்.”

“அப்ப சரி” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் வராந்தாவுக்குப் போய் அழுதார். இப்படி ஒரு நெஞ்சுரம் தனக்கு எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை என்று தோன்றியது.

வயர் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. நாடகத்தின் இசை கேட்டதும், “வந்துடுச்சு, பாரு” என்று திரும்பினார். அவள் கண் பாதி திறந்திருந்தது. மார்பு அசையவில்லை.

அக்கா அலறியதில் நர்ஸ் ஓடிவந்தாள், பின்னாலேயே இளம் டாக்டர். இருவரையும் ஓரமாக நிற்கச் சொல்லி, அவள் போட்டிருந்த ஆஸ்பத்திரிச் சட்டையைத் திறந்து நெஞ்சை அழுத்தினார்கள். வெகுநேரம் அழுத்தினார்கள். பிறகு டாக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சுடுங்க சார்” என்றார். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே காப்பாற்ற வேண்டிய ஓர் உயிர் இருந்தது. இருவரும் ஓடினார்கள். அவர்கள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை.

அக்கா மூக்கை உறிஞ்சியபடி புத்தகத்தைப் பிரித்தாள். “நானாவது அவளுக்காகச் சொல்றேன்டா.”

“கொஞ்சம் இரு, அக்கா.”

கட்டில் ஓரமாக உட்கார்ந்து, கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட ஆரம்பித்தார். ஸ்பேனர் பிடித்துத் தடித்த விரல்கள். பட்டன்களோ மிளகு அளவு. மேலே வந்து பார்த்தால் ஒரு துளை மிஞ்சியது. எங்கோ ஒன்று மாறிவிட்டிருந்தது.

“விடுடா, துணியப் போத்திடலாம். யாரு பாக்கப்போறா?” என்றாள் அக்கா.

அவர் போட்டதையெல்லாம் கழற்றிவிட்டு, மறுபடி கீழிருந்து ஆரம்பித்தார். காஜாவுக்குள் போன பட்டன் வழுக்கி வெளியே வந்தது. மறுபடி போட்டார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சட்டைக் காலரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தாள்.

“இப்ப போடு” என்றாள்.