பதினொரு பேர் இல்லை, இருபத்தாறு பேர்

நகராட்சி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் அவருக்குப் 'புள்ளி சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் யாராவது கமா போட்டிருந்தால், அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இருபத்தெட்டு வருஷ சர்வீசில் அவர் எழுதிய எண் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை வீட்டில் காட்டினால், "அந்தப் புள்ளியைக் கொண்டுவந்து உங்க சட்டையில பட்டன் போன இடத்துல வைங்க" என்பாள் மனைவி.

அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஒரு மெஷின் நிற்கவும் ஒரு ஆள் திரும்பவும் இடம். மெஷின் ஓடினால் கடையே லேசாக உதறும். ஊரில் யாருக்கு வேலை கிடைத்தது, யார் வீட்டை அடமானம் வைத்தது, யார் பிள்ளை எத்தனை மார்க் வாங்கியது எல்லாம் அந்தக் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்துதான் போகும். ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. அவள் வாய் அப்படி.

அந்த வருஷம் நகராட்சி பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தது. "எதையெல்லாம் நிறுத்தலாம்னு ஒரு பட்டியல் போடுங்க" என்றார் மேலதிகாரி. புள்ளி சார் பதிவேடுகளை எல்லாம் வரவழைத்து, ஒரு வாரம் உட்கார்ந்து, இருபத்திரண்டு வரியில் பட்டியல் போட்டார். அதில் பதினேழாவது வரி: மகளிர் வாலிபால் பயிற்சி, நகராட்சி மைதானம். தினசரி வருகை பதினொரு பேர். நிறுத்தலாம்.

நகர்மன்றக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் உறுப்பினர்களுக்குப் பட்டியலை அனுப்ப வேண்டும். அன்றைக்கென்று பார்த்து அலுவலக மெஷின் காகிதத்தை மென்று துப்பியது. பியூன் பட்டியலை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். நாற்பது காப்பி.

சாயங்காலம் புள்ளி சார் வீட்டுக்கு வந்தபோது தட்டு தயாராக இருந்தது. மனைவி எதிரே உட்கார்ந்தாள். அவர் நாலு வாய் சாப்பிட்டதும் ஆரம்பித்தாள்.

"பதினேழாவது வரியில 'மகளிர்'ங்கறதுக்கு நெடில் போட்டிருக்கீங்க. மகளீர்னு இருக்கு."

அவருக்குப் புரை ஏறியது. "நாப்பது காப்பியிலயுமா?"

"நாப்பதுலயும். ஒண்ணு தப்பா இருந்தா மெஷின் என்ன, திருத்தியா கொடுக்கும்?"

"அடடா. நீ பாத்ததும் போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"எழுத்துப் பிழையை விடுங்க. அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தி நான்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "நீ காலையில வாக்கிங்தானே போற?"

"மூணு வருஷமா வாலிபால் ஆடுறேன். போன வருஷம் மூக்கு வீங்கி வந்து நின்னேனே, வாக்கிங் போனா மூக்குல யாருங்க அடிப்பா?"

"நீ சொல்லவே இல்லையே!"

"சொன்னேன். ஆரம்பிச்ச அன்னைக்கே சொன்னேன். நீங்க பேப்பரைப் படிச்சுக்கிட்டே 'சரி சரி'ன்னீங்க."

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்ன 'சரி சரி'களைக் கணக்கெடுத்தால் தனிப் பதிவேடு போட வேண்டும்.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "பதினொரு பேர் இல்லை. இருபத்தாறு பேர்."

"பதிவேட்டுல பதினொண்ணுதான் இருக்கு."

"பதிவேடு சாமான் அறைக்குள்ள இருக்கு. அறையைத் திறக்கிறவர் ஏழு மணிக்கு வருவார். நாங்க அஞ்சரைக்கு வந்து ஆறே முக்காலுக்குக் கலைஞ்சிடுவோம். கடை, ஆஸ்பத்திரி, பஸ், பிள்ளைங்கன்னு அவங்கவங்களுக்கு ஓட்டம். யாருக்கு அவசரம் இல்லையோ அவங்க மட்டும் நின்னு கையெழுத்துப் போடுவாங்க. அதைத்தான் நீங்க எண்ணியிருக்கீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் எண் தப்பு என்று அவள் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அவள் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. பயிற்சியை நிறுத்தாம இருக்கணும்னா என்ன பண்ணணும்? ஆயிரம் பேர்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்தா?"

"கயிறு போட்டுக் கட்டி அலமாரியில வெப்பேன். அந்த வேலையும் எனக்குத்தான் வரும்."

"ஊர்வலமா வந்தா?"

"ஜன்னலைச் சாத்திட்டு வேலை பாப்பாங்க."

"பின்ன என்னதாங்க பண்றது?"

அவர் யோசித்தார். "கூட்ட அரங்குல பொதுமக்கள் உக்கார நூறு நாற்காலி போட்டிருக்கு. நான் வேலைக்குச் சேந்ததுலேர்ந்து நாலு பேருக்கு மேல வந்து பாத்ததில்லை. அந்த நாலு பேரும் ஃபேன் காத்துக்கு வந்தவங்க. பேச விடமாட்டாங்க. ஆனா உக்காந்திருக்கறதை யாரும் தடுக்க முடியாது."

"அது போதும்" என்றாள்.

மறுநாள் காலை அவள் அலாரத்துக்கு அவரும் எழுந்தார். "நீங்க எங்கே?" என்று கேட்டாள். "எண்ணிப் பாக்க" என்றார்.

மைதானத்தில் நாலு விளக்குக் கம்பங்களில் ஒன்றுதான் எரிந்தது. வலையில் பாதி நைலான் கயிறு, பாதி முடிச்சு. சுண்ணாம்புக் கோடு முந்தின நாள் மழையில் கரைந்து போயிருந்ததால், ஒரு பெண் குனிந்து டப்பாவால் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தாள். புள்ளி சார் சாமான் அறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே மேஜைமேல் பதிவேடு பத்திரமாக இருந்தது. கதவில் பூட்டு தொங்கியது. அவர் திரும்பி நின்று எண்ண ஆரம்பித்தார். இருபத்தேழு வந்தது. மறுபடி எண்ணினார். பயிற்சி கொடுக்கும் அம்மாவையும் சேர்த்துவிட்டது தெரிந்தது. இருபத்தாறு.

அப்புறம்தான் மனைவியைப் பார்த்தார். மனைவியாக அல்ல, யாரோ ஒருத்தியாகத்தான் முதலில் கண்ணில் பட்டாள். முழங்காலில் பட்டை, தூக்கிக் கட்டின கொண்டை, தெரு முழுக்கக் கேட்கும் குரல். "பின்னால பாரு! விடாதே! நான் இருக்கேன்!" வீட்டில் அவள் குரல் சமையலறையைத் தாண்டி அவர் கேட்டதில்லை. இந்தக் குரலை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாள் என்று அவருக்குத் தோன்றியது.

வலைக்கு அருகே நின்ற நர்ஸ் அவளுக்குப் பந்தை உயரமாகத் தூக்கிக் கொடுத்தாள். "அக்கா, புருஷன்னு நெனச்சு அடிங்க!"

அடித்தாள். பந்து எதிர்ப்பக்கக் கோட்டைத் தொட்டு, எழும்பி, நேராக வந்து புள்ளி சாரின் வயிற்றில் விழுந்தது. "ஐயோ, அவரேதான்!" என்று யாரோ சொல்ல, இருபத்தாறு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டே பந்தை எடுத்துக் கொடுத்தார். மனைவி முகம் சிவந்திருந்தது. ஓடியதாலா வெட்கத்தாலா என்று அவரால் சொல்ல முடியவில்லை. என்னமோ, கல்யாணமான புதுசில் பார்த்த முகம் மாதிரி இருந்தது.

பயிற்சி கொடுக்கும் அம்மாவை எல்லோரும் 'விசில் டீச்சர்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். புள்ளி சாரின் தோள் உயரம்தான் இருப்பார்.

"பதினொண்ணுன்னு எழுதினவர் நீங்கதானா?" என்றார்.

"ஆமாங்க. தப்புதான்."

"திட்டலாம்னு இருந்தேன். பந்து முந்திக்கிச்சு." மஞ்சள் டி-ஷர்ட் போட்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். "அந்த மீன்கடைப் பொண்ணைப் பாருங்க. புருஷன் போனப்புறம் ஒரு வருஷம் வீட்டைவிட்டு வெளியே வரலை. உங்க வீட்டம்மாதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. இப்ப அவளை வீட்டுக்கு அனுப்பறதுதான் எனக்குப் பெரும்பாடு."

இதுவும் அவருக்குத் தெரியாது.

அன்றைக்கே அலுவலகத்தில் ஒரு திருத்தக் குறிப்பு எழுதி மேலதிகாரியிடம் நீட்டினார். படித்துப் பார்த்த மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டியல் எல்லார் கைக்கும் போயாச்சு. இப்பத் திருத்தம் கொடுத்தா என் தலைதான் உருளும். பதிவேட்டுல பதினொண்ணுதானே இருக்கு? அப்ப அதுதான் சரி. இதை உள்ளே வைங்க."

அவர் உள்ளே வைத்தார். வீட்டில் சொன்னபோது மனைவி ஒன்றும் குறை சொல்லவில்லை. "கொடுத்தீங்கல்ல, அது போதும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். ஏன் சண்டை போடாமல் விட்டாள் என்று அவருக்குத்தான் உறுத்தியது.

இதற்குள் பெண்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடையில் எதைக் கொடுத்தாலும் அதோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'வியாழன் காலை பத்து மணி, நகராட்சிக் கூட்ட அரங்கு. வந்து சும்மா உட்காருங்க. பேச வேண்டாம்.' அணியிலிருந்த தையல்காரம்மா தைத்த துணி ஒவ்வொன்றின் மடிப்பிலும் அதே சீட்டு. மீன்கடைப் பெண் வாக்கு வாங்கிக்கொண்டுதான் மீனையே வெட்டினாள். எல்லோரையும்விட நர்ஸ்தான் கெட்டிக்காரி. ஊசியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வியாழக்கிழமை வர்றீங்கதானே?" என்று கேட்பாளாம். மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

வியாழக்கிழமை நூறு நாற்காலியும் போதவில்லை. சுவரோரம் நின்றார்கள், படியில் உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் இருபத்தாறு பேரும் மஞ்சள் டி-ஷர்ட்டில் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாற்பது உறுப்பினர்களும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள், பாவம்.

தலைவர் பட்டியலை மளமளவென்று படித்தார். "பதினைந்து, ஏற்கப்பட்டது. பதினாறு, ஏற்கப்பட்டது. பதினேழு..." நிமிர்ந்து பார்த்தார். "மகளிர் வாலிபால். பதினொரு பேர்னு இருக்கு. இவ்வளவு பேர் வந்திருக்காங்களே? இந்த எண் சரிதானா?"

மேலதிகாரி எழுந்தார். "பதிவேட்டின்படி சரிதாங்க."

பொய் என்று சொல்ல முடியாது. புள்ளி சார் கடைசி வரிசையில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால் காகிதம் எடுத்துக் கொடுப்பதுதான் அங்கே அவர் வேலை. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த அரங்கில் அவர் தும்மியதுகூட இல்லை. முன் வரிசையில் மனைவியின் பின்தலை தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் எழுந்திருக்க மாட்டாரோ என்னவோ. எழுந்தார். மடியிலிருந்த கோப்புகள் தரையில் சரிந்தன.

"தலைவர் அவர்களே, அந்த எண் தப்பு. நான்தான் எழுதினேன். இருபத்தாறு பேர். நேர்ல போய் எண்ணிப் பாத்தேன். எண்ணிட்டு எழுதியிருக்கணும். எழுதிட்டு எண்ணினேன்."

மேலதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு விஷயமும் பதிவாகணும்," என்றார் புள்ளி சார். "அந்த இருபத்தாறு பேர்ல ஒருத்தர் என் மனைவி. இதை மறைச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

அரங்கில் சிரிப்பு கிளம்பியது. தலைவரும் சிரித்துவிட்டார். "யாருங்க அந்த அம்மா?"

அவள் எழுந்து நின்றாள்.

"பதினொண்ணுன்னு எழுதினாரே, வீட்டுல சாப்பாடு கிடைக்குதா இவருக்கு?"

"கிடைக்குதுங்க. உப்பு மட்டும் ரெண்டு நாள் குறைச்சேன்" என்றாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று.

முடிவு முழு வெற்றி இல்லை. ஆறு மாசத்துக்குப் பயிற்சி தொடரலாம், பதிவேடு விசில் டீச்சர் கையில் இருக்க வேண்டும், அதற்கப்புறம் மறுபடி பரிசீலிப்போம் என்றார்கள். பந்தும் வலையும் இனி அவரவர் பாடு. அதே மூச்சில் பதினெட்டாவது வரியும் படிக்கப்பட்டது. மூத்தோர் செஸ் மன்றம், நிறுத்தலாம். அதற்காக யாரும் வந்திருக்கவில்லை. ஒரு நொடியில் போய்விட்டது.

வெளியே வந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அவர் மனைவி மட்டும், "அந்த செஸ் பெரியவங்க யாருன்னு தெரியுமா?" என்று அவரிடம் கேட்டாள். தெரியும் என்றார். "விலாசம் கொடுங்க. அவங்களுக்கு நாம போய் உக்காரலாம்."

புள்ளி சாருக்கு மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் மெமோ. நாலு தடவை படித்துப் பார்த்து, அதில் இருந்த இரண்டு பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, பிறகு மனம் மாறி ரப்பரால் அழித்துவிட்டுப் பதில் எழுதினார். மேலதிகாரி மூன்று வாரம் அவரிடம் பேசவில்லை. நாலாவது வாரம், தன் மகள் அந்த மைதானத்தில் சேர முடியுமா என்று கேட்டார்.

அடுத்த மாதம் பக்கத்து ஊர் அணியோடு ஒரு போட்டி. புள்ளி சாரும் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு செட்டும் தோற்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் விசில் டீச்சர் யார் யார் எங்கெங்கே கோட்டை விட்டார்கள் என்று பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தார். மனைவி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தலைமுடியில் மைதானத்து மண் ஒட்டியிருந்தது.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவருக்கு எழுப்ப மனசு வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் விசிலடித்தபோதுதான் அவள் விழித்தாள்.

"என்னங்க, நம்ம ஸ்டாப் போயிடுச்சே! எழுப்பக் கூடாதா?"

"அசந்து தூங்கின."

"முழங்கால் வீங்கியிருக்கு. இப்ப அவ்வளவு தூரம் நான் எப்படி நடக்கறது?"

"மெதுவா நட. பையைக் கொடு" என்று வாங்கிக்கொண்டு, மறு கையை அவளுக்குக் கொடுத்தார்.