உலகம்மாள் பேசாத காற்று

ஆய்க்குடிக்குக் கிழக்கே பொத்தைக்குப் பின்னால் நிற்கும் காற்றாலை, உலகம்மாள் தன் வீட்டுக்காரர் மந்திரமூர்த்தியிடம் பேசாமல் இருந்த காலமெல்லாம் காற்றே இல்லாமல் சுற்றியது. சித்திரை வெயிலில் வேப்பமரத்து இலை அசையாது, கொடியில் போட்ட வேட்டி தொங்கியது தொங்கியபடி இருக்கும், காற்றாலை மட்டும் ஆடி மாதம்போலச் சுற்றும். அடியில் போய் நின்றால் முகத்தில் லேசாகக் காற்று படும், அதில் அன்றைக்கு உலகம்மாள் வீட்டில் என்ன சமையல் என்பது தெரியும். உளுந்தம்பருப்புச் சோறு என்றால் வறுத்த உளுந்து வாசம், புளிக்குழம்பு என்றால் தாளித்த வெந்தயம். கம்பெனி இன்ஜினியர் பிரின்ஸ் முதலில் கருவியில்தான் கோளாறு என்றார். பிறகு அவரும் அங்கே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் காற்றாலையே வந்திருக்கக் கூடாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற காற்று வாழையைச் சாய்க்கும், தென்காசிக் கோபுர வாசலில் நிற்பவரைப் பிடித்துத் தள்ளும், ஆனால் பொத்தை என்று நாம் சொல்லும் அந்தப் பாறைக்குன்றைத் தாண்டி இறங்காது. ஆடியில் மாடுகள் அசைபோடப் போய்ப் படுப்பது அந்தப் பள்ளத்தில்தான். கம்பெனிக்காரர்கள் இடம் பார்க்க வந்தபோது மந்திரமூர்த்தி அவர்களைப் பொத்தையின் உச்சிக்குக் கூட்டிப்போய்க் காற்றைக் காட்டினார். ஒருவருடைய தொப்பி பறந்து போனது. எல்லோருக்கும் பரம சந்தோஷம். கீழே இறங்கிப் புரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, பள்ளத்தில் இருந்த வயலைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். காற்று மேலே இருந்தது, வயல் கீழே இருந்தது. இதை அவர் ஏமாற்றாக நினைக்கவில்லை. இடையில் இருப்பது ஒரு பொத்தைதானே என்று நினைத்தார்.

அவருக்கு அப்போது கண் முழுக்க எலக்ட்ரிக் கார். காலம் முழுவதும் அடுத்தவர்களுடைய டீசல் வேனை ஓட்டிக் குற்றாலச் சீசன்காரர்களை அருவிக்கும் ஸ்டேஷனுக்குமாகக் கொண்டுபோய் விட்டுப் பிழைத்தவர். ஐந்தருவி ஏற்றத்தில் ஒருநாள் சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளைக் கார் அவரைக் கடந்து போனது. அதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. குத்தகை முன்பணத்தில் அந்த வெள்ளைக் காரைத்தான் வாங்கினார். வாங்குவதற்கு முன்பே விஷயத்தை டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் இடத்தில் சொன்னார், முருகன் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவரிடம்கூடச் சொன்னார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அந்த வயல் உலகம்மாளின் அப்பா மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. வரப்பில் ஒரு நார்த்தை மரம் நின்றது. தெருவின் பாதி ஊறுகாய் ஜாடி அந்த மரத்தை நம்பி இருந்தது.

செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எதிர்வீட்டு யோகலட்சுமி. யோகலட்சுமி கெட்டவர் அல்ல. காதில் விழுந்தது எதுவும் அவர் வயிற்றில் தங்காது, அவ்வளவுதான். பூக்காரர் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏக்கா, ஒங்க வயல்ல காத்தாடி வைக்கப் போறாவளாமே, ஒரு வார்த்த சொல்லலியே நீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"யாரு வயல்ல?" என்றார் உலகம்மாள்.

பூவை வாங்காமலே திரும்பியவர், அன்றிலிருந்து கணவரிடம் பேச்சை நிறுத்தினார். நம் பக்கத்தில் பேச்சை நிறுத்தினால் பேச்சு மட்டும்தான் நிற்கும். சோறு நிற்காது, வெந்நீர் நிற்காது, சட்டை துவைத்து மடித்து இருக்கும். தட்டை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் கூடுதலாக வரும். மந்திரமூர்த்தி ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். நார்த்தை மரத்தை வெட்டினார்கள், காங்கிரீட் போட்டார்கள், நீளமான லாரியில் இறக்கைகள் வந்தன, ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. சரியாகவில்லை. பூட்டி முடித்த அன்று சாமி கும்பிட்டுத் தேங்காய் உடைத்ததுதான் தாமதம், காற்றாலை சுற்ற ஆரம்பித்தது. காற்று வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

உண்மை அடுப்படியில் வெளிப்பட்டது. ஒருநாள் மந்திரமூர்த்தி தோசைக்கல் சூடாக இருப்பது தெரியாமல் அதை நகர்த்தக் கையை நீட்டினார். "அதத் தொடாதிய, சுட்டுரும்" என்று உலகம்மாள் தன்னை மறந்து சொல்லிவிட்டார். அந்த வார்த்தைகள் முடிகிறவரைக்கும் கிழக்கே காற்றாலை சுற்றவில்லை, தெருவில் ஒரு கிரைண்டரும் ஓடவில்லை. சொல்லிவிட்டோமே என்று அவர் உதட்டைக் கடித்ததும் எல்லாம் மறுபடி ஓடின. கறிவேப்பிலை கேட்டு வந்து வாசற்படியில் நின்ற யோகலட்சுமி இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பிரின்ஸ் வந்து, சோதனைக்காக ஒரு வார்த்தை வீட்டுக்காரரிடம் பேச முடியுமா என்று பணிவாகக் கேட்டார். உலகம்மாள் அவருக்கு மோர் கொடுத்து, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் விசாரித்தார். காற்றாலை அசராமல் சுற்றியது. மற்றவர்களிடம் பேசுவது கணக்கில் சேராது என்பது அப்படித்தான் உறுதியானது.

அந்தக் கரண்ட் முறைப்படி வெளியூருக்குப் போக வேண்டியது. ஆய்க்குடி டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வந்து, அதற்குமேல் போக மறுத்துவிட்டது. தென்காசியில் கரண்ட் போனாலும் நம் ஊரில் மின்விசிறி நிற்காது. காற்றாலை அடியில் வண்டிகளுக்குச் சார்ஜ் போடுகிற இடம் ஒன்றைப் பிரின்ஸ் அமைத்தார். வாசுதேவநல்லூரிலிருந்துகூட எலக்ட்ரிக் ஆட்டோக்கள் வந்து வரிசையில் நின்றன. மந்திரமூர்த்தியின் காருக்கு வரிசை கிடையாது. சீசன்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். சத்தமில்லாத வண்டி, குழந்தைகள் தூங்கும் என்றார்கள். அவர் சிரித்துவைத்தார். வண்டியும் சத்தம் போடவில்லை, வீடும் சத்தம் போடவில்லை. வாரக்கணக்கில் அவர் காதில் விழுந்த ஒரே பெண்குரல் காரில் வழி சொல்கிற குரல்தான்.

அந்தக் குரலை உலகம்மாள் பயன்படுத்திக்கொண்டார். கோயில், கல்யாணம் என்று போகும்போது பின்சீட்டில் சவாரிபோல உட்கார்ந்துகொள்வார்.

"ஏட்டி, அவியகிட்டச் சொல்லு, கழுத்துல துண்டச் சுத்திக்கிடட்டும், சாரலு அடிக்கி."

"துண்டு. அருகில் அப்படி எந்த இடமும் இல்லை" என்று கார் சொல்லும்.

"சுத்திக்கிட்டேன்னு சொல்லும்மா" என்பார் மந்திரமூர்த்தி, முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"மன்னிக்கவும். மீண்டும் சொல்லவும்."

"மறுக்கா சொல்லணுமாம், செவிட்டு மூதி" என்பார் உலகம்மாள். இதுவும் பேச்சில் சேராது என்று காற்றாலை முடிவுசெய்திருந்தது, சுற்றிக்கொண்டே இருந்தது.

இப்படி இரண்டு ஆடி போனது. மந்திரமூர்த்தி மெலிந்தார். வீட்டுக்கு வந்தால் தொண்டையைச் செருமுவார், செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பார், தேவையில்லாமல் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். ஒரு தரம் வேண்டுமென்றே கையை நீட்டினார். உலகம்மாள் கரண்டியால் கையைத் தட்டிவிட்டார், வாய் திறக்கவில்லை. கடைசியில் முருகனிடம் போய் நின்று, அவள் வாயைத் திறந்தால் படிப்பாயசம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பாயசத்தைக் காய்ச்சி ஆற்றுப் படியில் ஊற்றி, பிள்ளைகள் உட்கார்ந்து அள்ளிக் குடிக்கிற நேர்ச்சை அது. வேண்டுதல் வெளியே தெரிந்ததும் கடைக்காரர்கள், தறிக்காரர்கள், மாவு மில்லுக்காரர் எல்லோரும் கூடிப் பேசி, உலகம்மாள் வாயைத் திறக்காமல் இருந்தால் இரட்டைப் படிப்பாயசம் என்று எதிர்வேண்டுதல் வைத்தார்கள். முருகன் எதற்கும் அவசரப்படவில்லை.

கம்பெனி அவசரப்பட்டது. அதே பள்ளத்தில் இரண்டாவது காற்றாலை வைக்க அவர்களுக்கு ஆசை. காற்று நிலையாக இருக்கும் என்பதற்கு ஒரு உறுதி வேண்டும். குத்தகை முடிகிற வரைக்கும் உலகம்மாள் கணவரிடம் பேசமாட்டார் என்று ஒரு ஒப்பந்தம் தயாரித்து, மந்திரமூர்த்தி கையெழுத்துப் போட்டால் போதும் என்று கொண்டுவந்தார்கள். துணைக்கு வார்டு உறுப்பினர் நல்லகண்ணு வந்தார். எல்லோரும் டீக்கடையில் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"என்ன வே மந்திரம், என்னத்துக்கு யோசிக்கீரு? சோறு வருதுல்லா?" என்றார் நல்லகண்ணு.

"வருது."

"சட்ட தொவச்சு வருதுல்லா?"

"வருது."

"பெறவு என்ன வே? எங்க வீட்டுலயும்தான் பேசுதா. கேட்டுக் கேட்டு எனக்கு இந்தக் காது போச்சு. நீரு குடுத்து வச்சவரு, கையெழுத்தப் போடும்."

மந்திரமூர்த்தி பேனாவைத் திறந்தார். நியாயமாக அந்த இடத்தில் அவர் போட்டிருப்பார். அவர் சுபாவம் அது. ஆனால் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே உலகம்மாளின் பெயர் அச்சாகி இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெயருக்கு உரியவரைத் தவிர இங்கே இருக்கிற எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பேனாவை மூடினார். "வீட்டுல கேட்டுக்கிட்டுச் சொல்லுதேன்" என்றார். டீக்கடையில் அப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. நல்லகண்ணு கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் உலகம்மாளைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய குற்றாலம் ரோட்டில் போனார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பிச்சைமணி ரம்புட்டான் விற்கிற மரத்தடிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. அதற்குப் பிறகு நடந்ததற்குப் பிச்சைமணி ஒருவர்தான் சாட்சி. கண்ணாடி ஏற்றி இருந்ததால் அவர் கண்ணால் மட்டுமே சாட்சி. மந்திரமூர்த்தி முதலில் அந்தத் தாளைப் பின்சீட்டுக்கு நீட்டினார். உலகம்மாள் வாசித்தார். பிறகு மந்திரமூர்த்தி பேச ஆரம்பித்தார். பின்னால் திரும்பவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினார், இடையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாளைப் பற்றி மட்டும் அவ்வளவு நேரம் பேச முடியாது, அது வேறு ஏதோ விஷயம் என்பது பிச்சைமணியின் கட்சி. எதுவோ, அதை அவர் டீக்கடையில் சொன்னதில்லை, முடிவெட்டும் இடத்திலும் சொன்னதில்லை. விசாரித்தாயிற்று. முடிந்ததும் உலகம்மாள் பின்கதவைத் திறந்து இறங்கினார். கோபித்துக்கொண்டு பஸ் ஏறப் போகிறார் என்று பிச்சைமணி நினைத்தார். உலகம்மாள் காரைச் சுற்றி வந்து முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். வாய் அசைந்தது.

ஆய்க்குடியில் கரண்ட் போனது. தெருவில் ஒவ்வொருவராக வெளியே வந்து கிழக்கே பார்த்தார்கள். காற்றாலை ஒரு இறக்கையை மேலே நீட்டியபடி நின்றிருந்தது. "பேசிட்டா" என்றார் யோகலட்சுமி. மற்றவர்கள் விசிறி மட்டையைத் தேடிப் போனார்கள்.

இரண்டு ஆடிக்குச் சேர்த்துப் பேச இருந்ததால் அவர்கள் திரும்பி வர இருட்டிவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் உலகம்மாள் ரம்புட்டான் தோலை மடித்துவைத்திருந்தார். அடுத்த சில வாரங்கள் ஊர் அந்த வீட்டைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. மாவு மில்லுக்காரர் உலகம்மாளுக்கு அரைக்க நேரமில்லை என்றார். சார்ஜ் இல்லாமல் ஆட்டோக்கள் வந்த வழியே போயின. மந்திரமூர்த்தி தென்காசிக்குப் போய் வரிசையில் நின்று சார்ஜ் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் போனில் உலகம்மாளிடம் வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனியில் காற்றாலையைக் கழற்ற ஆள் அனுப்பப் போவதாகப் பிரின்ஸ் வருத்தத்தோடு தெரிவித்தார்.

அதற்குள் படிப்பாயசம் வந்தது. எதிர்வேண்டுதல் வைத்தவர்களின் பிள்ளைகளும் படியில் உட்கார்ந்து குடித்தார்கள், பாயசத்தோடு என்ன விரோதம். உலகம்மாளுக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசோடு, பக்கத்தில் நின்ற யோகலட்சுமியின் காதில், காரில் வைத்து மந்திரமூர்த்தி என்ன சொன்னார் என்பதை முழுதாகச் சொன்னார். யோகலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"யாருட்டயும் சொல்லப்பிடாது. சாமி முன்னால சத்தியம் பண்ணு" என்றார் உலகம்மாள்.

"சத்தியமா சொல்ல மாட்டேங்க்கா" என்றார் யோகலட்சுமி. வாயைத் துடைத்துக்கொண்டு படியேறி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கதவு பகலில் சாத்தியதை அதற்கு முன் ஒருவரும் பார்த்ததில்லை. அவர் அடுப்பில் சுக்குக்காப்பி போட்ட நேரத்தில் காற்றாலை ஒரு தரம் குலுங்கியது, பிறகு சுற்ற ஆரம்பித்தது. உலகம்மாள் காலத்தில் சுற்றியதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற வேகம். பிரின்ஸ் ஓடிவந்து பிரேக் போட வேண்டியிருந்தது. அடியில் போய் நின்ற நல்லகண்ணு, காற்றில் சுக்கும் கருப்பட்டியும் மணப்பதாக வந்து சொன்னார்.

இப்போது ஊரில் கரண்டுக்குக் குறையில்லை. இரண்டாவது காற்றாலைக்குக் குழி தோண்டுகிறார்கள், இந்தத் தடவை உலகம்மாளிடம் கேட்டுவிட்டு. பக்கத்தில் ஒரு நார்த்தைக் கன்றும் வைத்திருக்கிறார்கள். அவர் காரில் முன்சீட்டில்தான் போகிறார், வழி சொல்கிற குரலை அணைத்துவிட்டார்கள், அவரே சொல்கிறார். மந்திரமூர்த்தி அன்று என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆய்க்குடியில் ஆசைப்படாத ஆள் கிடையாது. ஆனால் யாரும் கேட்பதில்லை. பூக்காரர் கூடைக்குப் பக்கத்தில் யோகலட்சுமி சில நாள் முகம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏ இங்கன பாருங்க, அன்னைக்குக் காருக்குள்ள மந்திரம் அண்ணாச்சி" என்று ஆரம்பிப்பார். கிழக்கே இறக்கைகள் தயங்கும். உடனே தெருவே ஒன்றுசேர்ந்து, "அருவியில தண்ணி விழுதா?" என்று அவரைக் கேட்கும்.

"விழுது" என்பார் யோகலட்சுமி, பெருமூச்சு விட்டு.